வலம்புரி வாங்கப் போன கதை

லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த அக்கா பிள்ளைகள் ரெண்டும் மறுநாளே கேட்டுவிட்டார்கள், "மாமா, உங்க ஊர்ல மால் எங்க இருக்கு?" பரமக்குடியில் இருந்துகொண்டு நான் எங்கே போக? அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கடல் பக்கம் விட்டேன்.

காலையில் உச்சிப்புளிப் பக்கம் அரியமான். சவுக்குத் தோப்பு நிழல், குளம் மாதிரி கடல். பாக் நீரிணைப் பக்கத்தை நம் ஆட்கள் பெண் கடல் என்பார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். சின்னவனைத் தண்ணீரிலிருந்து இழுத்து வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

பாம்பன் பாலத்தில் எல்லாரும் செய்கிற தப்பை நாங்களும் செய்தோம், வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தோம். 1914-ல் வந்த பழைய ரயில் பாலம் கப்பலுக்கு வழிவிட ரெண்டு கையாகத் தூக்கிக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுவிலிருக்கும் 72.5 மீட்டர் துண்டு அப்படியே நேராக மேலே ஏறும் என்றேன். "அப்ப இதுதான் உங்க மால் லிஃப்ட்டா?" என்றாள் பெரியவள்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் பக்கம் சிப்பிக் கடைகள். அம்மாவுக்குப் பூஜைக்கு வலம்புரிச் சங்கு வேண்டும். முதல் கடைக்காரர் ஒன்றை எடுத்து அம்மா காதில் வைத்து, "ஓம்னு கேக்குதா தாயி?" என்றார். அம்மாவுக்குக் கேட்டது. விலை நாலாயிரம். நான் யோசிக்கிறேன் என்று அம்மாவை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

நாலு கடை தள்ளி ஒரு பெரியவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டு, டிராயரிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்தார். "விரலை உள்ள விட்டுப் பாருங்க தம்பி. வழவழன்னு இருக்கா? இது அமெரிக்கப் பக்கத்துக் கடல் சிப்பி. அந்த இனமே இப்படி வலப்பக்கம் திரும்பித்தான் வளரும். நம்ம சங்குல எப்பவாச்சும் ஒண்ணுதான் இப்படித் திரும்பும். அசல்னா உள்ள மூணு நாலு வரப்பு தட்டுப்படும்."

"ஓம் சத்தம் கேட்டுச்சே?" என்றார் அம்மா.

"டம்ளரைக் காதுல வச்சாலும் கேக்கும் ஆத்தா."

அவரிடம் சாதாரண இடம்புரி ஒன்று வாங்கினோம். பிள்ளைகள் பேரைச் சோழியில் எழுதிக் கொடுத்தார். சின்னவன் பவளப்பாறைத் துண்டு கேட்டான். "அதை வச்சிருந்தாலே கேஸுப்பா" என்று அவன் கன்னத்தைத் தட்டினார். வியாபாரத்தை இப்படிக் கெடுத்துக்கொள்கிற மனுஷரை நான் பார்த்ததில்லை.

உங்களுக்கும் இப்படி யாராவது மாட்டியிருந்தால் எழுதுங்கள்.

கீழக்கரைக்காரன்: எங்க ஊர்ப் பக்கம் வராம போயிட்டீங்களே! தேங்காய்ப்பால் ஊத்தி மணிக்கணக்கா கிண்டின தொதல் அல்வா கிடைச்சிருக்கும். மாமி ஒருத்தங்க வாங்கறதுக்கு முன்னாடியே ருசி பாக்கக் கொடுத்துக் கொடுத்து, என் மச்சான் வயிறு நிறைஞ்சு வாங்காமலே வந்துட்டான்.

மண்டபம் மருமகள்: தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் போகலையா? 1964 புயல்ல மிச்சமான தேவாலயச் சுவர்கிட்ட சுண்டல் வித்த பையன், "இருட்டுறதுக்குள்ள போலீஸ் விரட்டிரும், சீக்கிரம் போட்டோ எடுங்கக்கா"ன்னு எங்களையே விரட்டினான்.

தேவகோட்டை: எங்க பூஜையறையில 12 வருஷமா ஒரு வலம்புரி இருக்கு. இதைப் படிச்சதும் எழுந்து போய் விரலை விட்டுப் பாத்தேன். வழவழன்னுதான் இருக்கு. ஆத்தாகிட்ட இன்னும் சொல்லலை.