வீட்டு ஜிம் ராக் ஆடாம நிக்க என்ன செய்தனீங்கள்? அனுபவத்தைப் போடுங்கோ

வெள்ளவத்தை லிஃப்டர்:
நாங்கள் காலி வீதிக்குக் கடல் பக்கம், நாலாம் மாடி. ஸ்குவாட் ராக், அதான் பாரம் போட்ட கம்பியை (பாரை) வைச்சு எடுக்கிற இரும்புச் சட்டம், பெலமான சாமான்தான், ஆனா பாரைத் திருப்பி ஹூக்கில வைக்கேக்க முழு ராக்கும் பின்னுக்கு ஒருக்கா சாஞ்சு வரும், டைல்ஸுக்கு மேல கால் வழுக்கும், தோளில பாரத்தோட நிண்டு அதைப் பாத்தா அடுத்த செட்டுக்கு மனம் வராது. சுவரில இறுக்குவம் எண்டு மேசன் பாஸைக் கூப்பிட்டன். அவர் தட்டிப் பாத்திட்டு, "தம்பி, இது உள்ள பொந்து இருக்கிற சீமெந்துக் கல்லு, இதில அங்கர் போல்ட் பிடிக்காது, இறுக்க இறுக்கக் கல்லுத்தான் உடையும்" எண்டார். நிலத்தில துளைக்கவும் விடேல்லை. சிலாப்புக்குள்ள கம்பி ஓடுது, கரண்ட் பைப் ஓடலாம், சில புதுக் கட்டடங்களில இழுத்து இறுக்கின இரும்புக் கேபிளும் இருக்கும், அதில ட்ரில் பட்டா கட்டடத்துக்கே ஆபத்து.

கடைசியில 18 மில்லிமீட்டர் பிளைவூட், 8 அடிக்கு 4 அடி ஷீட் ரெண்டை ஒண்டுக்கு மேல ஒண்டு ஒட்டி ஸ்குரூ அடிச்சு, கீழ ரப்பர் மேட் விரிச்சு, ராக்கின்ர நாலு காலையும் பலகையோட போல்ட் போட்டுப் பிடிச்சம். போல்ட் தலை கீழ்ப்பக்கம் பலகைக்குள்ள இறங்கியிருக்க வேணும், இல்லாட்டி பலகை சமனா இருக்காது. வொஷர் அகலமானதாப் போடுங்கோ, சின்னது மரத்துக்குள்ள புதைஞ்சிடும். இப்ப நான் நிக்கிறதும் அதே பலகையில, அதால என்ர பாரமும் பாரின்ர பாரமும் சேர்ந்து ராக்கைக் கீழ அமத்திப் பிடிக்குது. வாடகை வீட்டுக்காரருக்கு இதைவிட நல்ல வழி இல்லை எண்டுதான் சொல்லுவன்.

கொட்டாஞ்சேனை பையன்:
அண்ணே, எங்க வீட்டுல கொங்கிரீட் தூண் இருந்ததால அதுலயே புல் அப் பார் அடிச்சோம். பழைய சோனகத் தெருவுல 12 மில்லிமீட்டர் அங்கர் போல்ட் வாங்கினோம், அதே சைஸ் பிட்டால துளை. துளைச்சதும் உள்ள இருக்கிற தூளை ஊதி, பிரஷ் விட்டு முழுசா எடுத்துரணும், தூள் கிடந்தா போல்ட் சரியாப் பிடிக்காது. தூணோட ஓரத்துக்குக் கிட்ட போடாதீங்க, ஓரம் பிளந்துரும். துளைக்க வழியில்லாதவங்க ராக்கோட பின் பக்கத்துல பிளேட்டை (பாருல போடுற எடைத் தட்டு) மாட்டி வைங்க, இல்லன்னா பின் காலுல மணல் மூட்டை போடுங்க. ஆனா மூட்டையை மட்டும் நம்பி புல் அப் பாருல ஆடாதீங்க ப்ளீஸ்.

தெஹிவளை அக்கா:
போல்ட் போட்டதோட வேலை முடியாது தம்பிமாரே. பாரம் வச்சு எடுக்க எடுக்க நட்டு தானா இளகும். நான் இறுக்கின கையோட ஒவ்வொரு நட்டுக்கும் ஃபிரேமுக்கும் குறுக்கால சிவப்புக் கியூட்டெக்ஸால ஒரு கோடு இழுத்து வச்சிருக்கிறன். கோடு ஒண்டுக்கொண்டு விலகி நிண்டா நட்டு திரும்பியிருக்கு எண்டு அர்த்தம், ஸ்பேனர் எடுக்காமலே பாத்த உடன தெரியும். நைலொக் நட்டு, அதான் உள்ள நைலோன் வளையம் இருக்கிற நட்டு, போட்டா இளகிறது குறையும். கடல்காத்து வாற வீடுகளில சாதா போல்ட் கெதியாக் கறள் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் எண்டா 304 எண்ட ரகத்தை விட 316 ரகம் உப்புக்குக் கூடத் தாங்கும், விலைதான் கூட. பிள்ளைகள் இருக்கிற வீட்டில வேலை முடிஞ்சதும் பாரையும் ஹூக்கையும் கழட்டி நிலத்தில வச்சிடுங்கோ.

மருதானை:
புதுசா ராக் பூட்டுறவங்களுக்கு ஒண்ணு. நட்டெல்லாம் முதல்ல கையால மட்டும் திருகிட்டு, ரெண்டு பக்க ஹூக்குலயும் பாரை வச்சு ஃபிரேம் நேரா நின்ன பிறகு இறுக்குங்க. அப்புறம் பிளேட் கழட்டும்போது ஒரு பக்கம் முழுசா எடுக்காதீங்க. என் கண் முன்னாலயே கூட்டாளி ஒருத்தர் அப்படி எடுத்து, பார் மறுபக்கம் கவிழ்ந்து ஜன்னல் கண்ணாடியில போய் அடிச்சிச்சு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி எடுங்க.

வெள்ளவத்தை லிஃப்டர்:
அக்கா, 316 போல்ட் நீங்கள் எந்தப் பக்கம் வாங்கினனீங்கள்? பலகையில போட்டது இப்பவே கறள் நிறம் காட்டுது, மாத்தத்தான் வேணும்.