மறு: வியர் லெவலிங் – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> மெமரி கார்டு கட்டுரையில் வியர் லெவலிங் என்பதைத் ‘தேய்மானச் சமன்பாடு’ என்று போடலாமா?

இரண்டு சொல்லும் இடிக்கின்றன ஐயா. சமன்பாடு என்றால் ஈக்குவேஷன். தேய்மானம் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் டெப்ரிசியேஷனுக்கு நிலைத்துவிட்டது.

வியர் லெவலிங் என்று கார்டுக்குள் நடப்பது இது. கார்டில் தரவு தங்கும் சில்லான நாண்ட் ஃபிளாஷில் பக்கம் பக்கமாக எழுதலாம். அழிப்பதென்றால் பல பக்கங்கள் சேர்ந்த தொகுதி முழுவதையும்தான் அழிக்க முடியும். ஒவ்வோர் அழிப்பிலும் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் காப்புப் படலம் கொஞ்சம் கெடும். தரவைத் தேக்கும் நுண்ணறையான செல்லுக்கு 3 பிட் வைக்கும் டிஎல்சி வகை சில நூறு முதல் சில ஆயிரம் அழிப்புகள்வரை தாங்கும். கேமராவில் படம் எடுக்க எடுக்க, படங்கள் புதுப்புது இடத்துக்குப் போகின்றன. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபேட் அட்டவணையோ அதே முகவரியில் திரும்பத் திரும்பத் திருத்தப்படுகிறது. அந்த முகவரி ஒரே தொகுதியில் கிடந்தால் அது மட்டும் சீக்கிரம் செத்து, மற்ற தொகுதிகள் புதுசாக இருந்தும் கார்டு திறக்காது. அதனால் கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லான கன்ட்ரோலர், திருத்திய பக்கத்தை அதிகம் தேயாத வேறு தொகுதியில் எழுதி, முகவரி வரைபடத்தை மாற்றிக்கொள்கிறது.

மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடும் வேலை இது. என் பரிந்துரை: தேய்வு நிரவல்.

---

> கச்சேரியில் ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவல் நினைவுக்கு வராதா? ‘தேய்வுப் பகிர்வு’ எளிதாக இருக்கிறதே.

பக்கத்தில் ‘தேய்வு’ நிற்கும்போது கச்சேரியோடு குழம்பாது. பகிர்வு, புதிதாக வரும் தரவைப் பிரித்துப் போடுவதை மட்டும் சொல்லும். ஸ்டாட்டிக் முறைக்கு ஒத்துவராது. அதில், மாதக்கணக்கில் யாரும் தொடாத பாட்டுக் கோப்பையும் கன்ட்ரோலர் இடம் பெயர்த்து, அது உட்கார்ந்திருந்த தேயாத தொகுதியைப் புழக்கத்துக்குக் கொண்டுவரும். இதை முழு நிரவல் என்போம். காலியிடத்துக்குள் மட்டும் நடப்பதைப் பகுதி நிரவல் என்போம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “சிசிடிவி கேமராவில் 64 ஜிபிக்குப் பதில் 128 ஜிபி கார்டு போட்டால், அதே அளவு பதிவு இரு மடங்கு தொகுதிகளில் நிரவப்படும், ஒவ்வொரு தொகுதிக்கும் அழிப்பு ஏறக்குறையப் பாதியாகும்.” உறுத்தவில்லை.

ஒரு திருத்தம் அவசியம். கட்டுரையில் ‘கோப்பின் மேல் பூச்சியம் எழுதினால் பழைய தரவு அழிந்துவிடும்’ என்று இருக்கிறது. நிரவல் நடக்கும் கார்டில் அந்தப் பூச்சியங்கள் வேறு தொகுதிக்குப் போகும். பழைய தரவு, அதன் தொகுதி அழிக்கப்படும்வரை அப்படியே கிடக்கும். கார்டை விற்கப்போகிறவர் இதை நம்பிவிடக் கூடாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.