கல்லடிப் பாலத்தைச் சுத்தி வெள்ளைக் கோடா? கதை விடாதீங்க

வாவிக்கரையான்:
என்ட மட்டக்களப்புக் கல்லடிப் பாலப் படத்துக்குக் கீழ நேர்கோடன் எழுதியிருக்கிறதைப் பாருங்க. "விடியக்காலத்து வானத்தைக் கறுப்பாக்கி, இரும்பை வெளுப்பாக்கினா அது படம் இல்ல, பொய். பாலத்தைச் சுத்தி நிக்கிற வெள்ளைக் கோடே சாட்சி." இவருக்கு டொட்ஜும் (ஒரு இடத்தை மட்டும் வெளுப்பாக்கிறது) பேர்னும் (கறுப்பாக்கிறது) போட்டோஷொப்போட பிறந்ததெண்டு நினைப்பு. இருட்டறையில கம்பி நுனியில மட்டை ஒட்டி வெளிச்சத்தை மறைச்சவங்கள் எல்லாம் பொய்யனுகளா? அமெரிக்கப் படப்பிடிப்பாளர் அன்செல் அடம்ஸ் 1941ல எடுத்த நிலவுப் படத்தின்ட வானத்தை, பிறகு போட்ட பிரிண்டுகள்ல எவ்வளவு கறுப்பாக்கினவர்? போய்ப் பாத்திட்டு வந்து கதைங்க.

நேர்கோடன்:
பாத்தன். அதில வெள்ளைக் கோடு இல்ல. உங்கடதில இருக்கு.

வாவிக்கரையான்:
அது ஷார்ப்பன் பண்ணினதால, விளிம்பைக் கூர்மையாக்கினதால வந்தது. ஷார்ப்பன் பண்ணாத படம் ஒண்டு காட்டுங்க பாப்பம்.

நேர்கோடன்:
ஷார்ப்பன் கோடு மெல்லிசு, எல்லா இடமும் ஒரே அகலம். உங்கட கோடு மேல விரல் மொத்தம், கீழ நூல் மொத்தம். பெரிய மெத்து பிரஷ்ஷால வானத்தைத் தடவிக்கொண்டு வந்து, இரும்புக்குக் கிட்ட கை நடுங்கி நிண்டிருக்கு. அதுக்குப் பேர்தான் வெள்ளைக் கோடு.

ஏத்துக்கால்:
எந்தப் பாலம் இது? புதுப் பாலத்தில இரும்பு வளைவு இல்லையே, 2013ல திறந்ததெல்லோ.

வாவிக்கரையான்:
பழைய பாலம் ஐயா, 1924ல திறந்தது. மட்டக்களப்பில இருந்துகொண்டு இதையும் கேக்கிறீங்க!

ஏத்துக்கால்:
நீங்க பேர்ன் பண்ணின பேர்னில பாலம் எது வாவி எது எண்டே விளங்கல்ல. அதான் கேட்டன்.

புதுப்பொடியன்:
அண்ணன்மார், படத்துக்கு மேல கண்ணாடித் தாள் மாதிரி 50 வீதச் சாம்பல் லேயர் ஒண்டு போட்டு, ஓவர்லேல (சாம்பல் தெரியாமக் கலக்கிற முறை) வைச்சு அதுக்கு மேல தடவினா மூலப்படம் கெடாது. கோடு விழுந்தா அந்த இடத்தை மட்டும் திருத்தலாமே.

வாவிக்கரையான்:
தம்பி, ஆல்ட் கீயை அமத்தினா டொட்ஜ் பேர்னா மாறுமெண்டு உனக்கு ஆர் சொல்லித்தந்தது? நான் மிட்டோனை (நடுத்தர வெளிச்சத்தை) பிடிச்சு, எக்ஸ்போஷரை (தடவலின்ட வலுவை) 5ல வைச்சு மெல்ல மெல்லத் தடவிறவன். உன்னைப்போல 50ல வைச்சு ஒரே இழுவையா இழுக்கிறவன் இல்ல. படிச்ச இடத்திலயே பாடம் எடுக்க வராத.

புதுப்பொடியன்:
நான் 50 வீதம் எண்டது சாம்பலை, எக்ஸ்போஷரை இல்ல.

நேர்கோடன்:
5ல வைச்சும் வெள்ளைக் கோடு வந்திருக்கெண்டா கெட்டித்தனம்தான். சூரியன் நிண்ட இடத்தையும் பாருங்க, ஊத்தைச் சாம்பல். வெளிச்சம் கூடி வெந்துபோன ஹைலைட்டை, வெறும் வெள்ளையான இடத்தை, எவ்வளவு பேர்ன் பண்ணினாலும் முகில் திரும்பி வராது.

ஆரையம்பதி அக்கா:
முகிலை விடுங்க. வாவிக்கரையான், நீங்க எடுத்த எங்கட மருமகள்ட கலியாண அல்பத்தில முகத்தை மட்டும் டொட்ஜ் பண்ணி, கழுத்தையும் கையையும் மறந்திட்டீங்களே. பெத்த தாயே "ஆருகா இது?" எண்டு கேட்டவ. அந்தப் பிள்ளையின்ட நிறத்துக்கு என்ன குறை?

வாவிக்கரையான்:
அக்கா, வெள்ளையா வேணுமெண்டு கேட்டது மாப்பிளை பகுதி. மிச்சக் காசும் இன்னும் வரல்ல, அதையும் இங்க சொல்லவா?

ஆரையம்பதி அக்கா:
சொல்லுங்க. ரெண்டு நிற அல்பத்துக்கு அரைக் காசு போதும்.

வாவிக்கரையான்:
எல்லாருக்கும் பொறாமை. நேர்கோடனுக்கு ஏன் இந்தக் கொதி எண்டு எனக்குத் தெரியும். மாமாங்கத் தீர்த்தத்துக்கு என்னட்ட முக்காலி கேட்டு நான் குடுக்கல்ல. அதுதான் இப்ப கோடு கோடா வருது.

நேர்கோடன்:
முக்காலி கேட்டது நீங்க. குடுத்தது நான். இன்னும் வந்து சேரல்ல.