48வது சூப்பர் பௌல்: பிளிட்ஸ் குறைவு, சாக் ஒன்றுதான். டென்வரை மடக்கியது எது?

நாலாம்_டவுன்:
அமெரிக்கக் கால்பந்தின் (NFL) இறுதி ஆட்டமான சூப்பர் பௌல், 2014 பிப்ரவரி 2-ல் நடந்ததை மறுபடி பார்க்கிறேன். அந்த சீசனில் 606 புள்ளி குவித்த அணி டென்வர். அதன் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) பெய்டன் மேனிங் மட்டும் 55 டச்டவுன் பாஸ். சியாட்டிலிடம் 43-8 என்று தோற்றார்கள். ஆனால் சியாட்டில் பெரும்பாலும் நாலு பேரைத்தான் ரஷ்ஷுக்கு (மேனிங்கை நோக்கிப் பாய) விடுகிறது; கூடுதல் ஆளை அனுப்பும் பிளிட்ஸ் குறைவு. பிறகு எப்படி?

கவர்_மூன்று:
சாக் (வீசுமுன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) கணக்கைப் பார்த்தால் இந்த ஆட்டம் பிடிபடாது. மேனிங் பந்தைச் சட்டென்று விட்டுவிடுவார், சாக் விழுவது அபூர்வம். யார்டைப் பாருங்கள்: 49-க்கு 34 பாஸ் சேர்ந்தும் 280 யார்டுதான். ஒரு கேட்சுக்கு 8 சொச்சம். சீசனில் அது 12. டென்வர் ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) டெமேரியஸ் தாமஸ் 13 கேட்ச் பிடித்தார், அதுவும் 118 யார்டோடு சரி.

சியாட்டிலில் நாலு பேர் ரஷ், மீதி ஏழு பேர் கவரேஜ், அதாவது பாஸைத் தடுக்க. சேஃப்டி (பின்வரிசைத் தடுப்பாளர்) எர்ல் தாமஸ் தனியாக நடு ஆழத்தில், கார்னர்கள் (ஓரத் தடுப்பாளர்கள்) இருவரும் இரு ஓரத்து ஆழத்தில். இன்னொரு சேஃப்டி கேம் சான்ஸலர் கீழே இறங்கி, குறுக்கே ஓடி வரும் ரிசீவருக்காகக் காத்திருப்பார். டென்வரின் பிழைப்பே அந்தக் குறுக்கு ரூட்தான்: பந்தைப் பிடித்த பிறகு ஓடிச் சேர்க்கும் யார்டு. இங்கே பிடித்த இடத்திலேயே விழுந்தார்கள். என் கணிப்பில் ஆட்டத்தை வென்றது டாக்கிளிங், அதாவது பந்து வைத்திருப்பவரை மடக்கி வீழ்த்துவது.

எண்ட்சோன்:
உடன்படுகிறேன். ஆனால் 43-ம் டிஃபென்ஸ் போட்டதல்ல. முதல் ஸ்னாப்பில், 12வது நொடியில் வந்த சேஃப்டிக்கு (இங்கே ஆளல்ல; சொந்த எல்லைக்குள் பந்து முடங்கினால் எதிரணிக்குக் கிடைக்கும் 2 புள்ளி) யாரும் மேனிங்கைத் தொடவில்லை. இரைச்சலில் அழைப்பு கேட்காததால் அவர் முன்னால் நடந்தார். அதற்குள் சென்டர் பந்தைப் பின்னால் அனுப்பிவிட்டார். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் சியாட்டிலின் பெர்சி ஹார்வின் 87 யார்டு ஓடியது கிக்ஆஃப் ரிட்டர்ன். டிஃபென்ஸே நேராகப் போட்ட டச்டவுன் மால்கம் ஸ்மித் மேனிங்கின் பாஸைப் பறித்து ஓடிய 69 யார்டு இன்டர்செப்ஷன் மட்டும். ரஷ்ஷில் வந்த கிளிஃப் அவ்ரில் மேனிங்கின் கையைத் தட்டியதால் எழும்பிய பந்து அது. சாக் கணக்கில் வராத அழுத்தம் என்றால் இதுதான். அந்த ஆட்டத்தின் எம்விபியும் (சிறந்த வீரர்) ஸ்மித்தான்.

நாலாம்_டவுன்:
ஆழத்தை மூவர் பிரித்துக் காக்கும் இந்தக் கவர் 3-ல் கார்னருக்கும் சேஃப்டிக்கும் நடுவே இடைவெளி உண்டே? மேனிங்குக்குத் தெரியாததா?

கவர்_மூன்று:
தெரியும். நாலு ரிசீவர்களை நேராக ஆழத்துக்கு ஓடவிட்டால், நடு சேஃப்டி ஒருவரே இருவரைப் பார்க்க வேண்டிவரும். ஆனால் அந்த ரூட் விரிய நேரம் வேண்டும். மேனிங்கைக் காக்கும் இடது டாக்கிள் ரையன் கிளேடி சீசன் தொடக்கத்திலேயே காயத்தால் வெளியே போய்விட்டார். அவ்ரிலும் மைக்கேல் பென்னட்டும் அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் எர்ல் தாமஸின் வேகத்துக்கு அந்த இடைவெளி சீக்கிரம் மூடிவிடும். இன்னொரு முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் கவனியுங்கள்.