நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்கு எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டு, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் பணிபுரிகிறேன். வழக்கமான எம்.எஸ்சி. நர்சிங் படித்தால் கல்லூரியில் ஆசிரியராகலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கோ நோயாளியின் அருகிலிருந்து செய்யும் வேலையை விட்டுப் போக மனமில்லை. நோயாளியைத் தாமே ஆராய்ந்து சிகிச்சை நடவடிக்கையைத் தொடங்கும் அளவுக்குக் கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியரான நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்கான படிப்பில் சேர என்ன தகுதி வேண்டும்? அதை இங்கே படித்துவிட்டு அமெரிக்காவிலும் அதே பொறுப்பில் பணிபுரிய முடியுமா?

பதில் 1: புதுச்சேரி, மூத்த செவிலியர்

வணக்கம் சகோதரி. உங்கள் விருப்பத்துக்கு நேராகப் பொருந்துவது, இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புதான். முதுநிலைப் பட்டத்துக்குரிய இந்த இரண்டாண்டுப் படிப்பில் சேர, பி.எஸ்சி. நர்சிங்கும் பதிவும் குறைந்தது ஓராண்டு மருத்துவமனை அனுபவமும் வேண்டும். அந்த அனுபவம் ஐ.சி.யூ.வில் பெற்றதாக இருந்தால் நல்லது. ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவர்கள் முதலில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துவிட்டு வரவேண்டும்.

இது மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே கற்கும் ரெசிடென்சி முறையில் நடப்பதால், வகுப்பறையில் இருக்கும் நேரத்தைவிட வார்டில் இருக்கும் நேரமே பல மடங்கு அதிகம். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் ஏ.பி.ஜி. (ரத்தத்திலுள்ள வாயுக்களின் அளவைக் காட்டும் பரிசோதனை) முடிவு வந்ததும் அதை மருத்துவருக்குத் தெரிவிப்பதோடு இப்போது நம் வேலை முடிந்துவிடுகிறது. இந்தப் படிப்பிலோ, கார்பன் டை ஆக்சைடு ஏன் ஏறியது, மூச்சு எண்ணிக்கையை மாற்ற வேண்டுமா, குழாயில் சளி அடைத்திருக்கிறதா என்று நீங்களே ஆராய்ந்து, மருத்துவமனை எழுத்தில் வகுத்துள்ள நெறிமுறைக்கு உட்பட்டு அடுத்த நடவடிக்கையைத் தொடங்கப் பழக்குவார்கள். சுயமாக கிளினிக் வைத்து மருந்து எழுதித் தரும் உரிமையை இது தராது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டு சேருங்கள்.

எனக்குள்ள கவலை வேலைவாய்ப்பைப் பற்றியது. பெரும்பாலான மருத்துவமனைகளில் இதற்கென்று தனிப் பணியிடம் இன்னும் உருவாக்கப்படவில்லை. படித்து முடித்தவரைப் பழைய ஊதியத்தில் ஸ்டாஃப் நர்ஸாகவே வைத்திருப்பது அந்த உழைப்புக்குச் செய்யும் அநீதி. ஆகவே கல்லூரியில் விசாரிக்கும்போது, முன்பு படித்தவர்கள் எந்தப் பதவிப் பெயரில் எங்கே பணிபுரிகிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கல்லூரிக்கு இந்தப் படிப்புக்கென்றே அனுமதி உள்ளதா என்பதையும் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபாருங்கள், எம்.எஸ்சி.க்கு உள்ள அனுமதி இதற்குச் செல்லாது.

பதில் 2: கடலூரைச் சேர்ந்தவர், தற்போது அமெரிக்காவில் செவிலியர்

அமெரிக்கா பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இந்தியாவில் படித்த பட்டம் அமெரிக்காவில் உங்களை நேரடியாக நர்ஸ் பிராக்டிஷனர் ஆக்காது. முதலில் உங்கள் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி, செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வில் வென்று, பதிவு பெற்ற செவிலியராக உரிமம் வாங்க வேண்டும். அதன்பின் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதுநிலை அல்லது டி.என்.பி. என்ற நர்சிங் டாக்டர் பட்டப் படிப்பில் குடும்பநலம், முதியோர், மனநலம் போன்ற ஒரு பிரிவைத் தேர்ந்து முடித்து, அந்தப் பிரிவுக்கான தேசியச் சான்றிதழ்த் தேர்வையும் எழுதியபின் மாநில உரிமம் கிடைக்கும். மருந்து எழுதும் அதிகாரம்கூட மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. வெளிநாடு செல்வதே உறுதியான முடிவென்றால், இந்தியாவில் இரண்டாண்டுகளைச் செலவிடாமல் இப்போதே என்கிளெக்ஸுக்குப் படிக்கத் தொடங்குவதுதான் சரி.

பதில் 3: விருத்தாசலம்

மகப்பேறு பிரிவில் ஆர்வமுள்ள தோழிகள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட மகப்பேறு சேவை வழிகாட்டுதலின்படி, பிரசவம் பார்க்கும் துறையான மிட்வைஃபரிக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற 18 மாதப் பயிற்சி தனியாக இருக்கிறது. சிக்கலில்லாத பிரசவங்களைப் பொறுப்பேற்று நடத்தவே அது பயிற்றுவிக்கிறது. கேள்வி கேட்ட தங்கைக்கு ஐ.சி.யூ.தான் பிடித்திருக்கிறது என்பதால் அவருக்கு இது பொருந்தாது. முதல் பதிலில் சொன்ன படிப்புக்கே விண்ணப்பிக்கட்டும். இப்போது பணிபுரியும் இடத்திலிருந்து, ஐ.சி.யூ. என்று பிரிவைக் குறிப்பிட்ட அனுபவச் சான்றிதழை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளவும்.