ஸ்க்ரைபிங் – ‘ஒட்டுக்கீறல்’ என்ற சொல்லுக்கான முன்மொழிவு (படகுத் தச்சு)

அன்புடையீர், வணக்கம்.

மரத்தை வெட்டுவதற்கு முன் அதன்மேல் இடப்படும் எல்லாக் கோடுகளுக்கும் ‘அளவுக்குறி’ என்ற ஒரே சொல் போதும் என்று நம் கலைச்சொல் உரையாடலின் இந்த இழையில் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மரத்தில் கோடிடும் பழைய முறைகளில் முதன்மையானவை அளவிலிருந்து பிறக்கவில்லை. இராமநாதபுரக் கரையில் வத்தை, வள்ளம் என்ற மரப்படகுகளைக் கட்டிய தச்சர்கள், ஒரு பலகையின் விளிம்பு வடிவத்தை மற்றொன்றில் கீறி எடுத்துப் பொருத்தக் கையாண்ட முறையும் (ஆங்கிலத்தில் ஸ்க்ரைபிங்) அளவுகோலை நம்பி நடப்பதன்று. அந்த முறைக்கு நாம் வைக்கும் பெயரில் ‘அளவு’ புகுந்துவிட்டால், பட்டறையைப் பாராமல் அகராதியை மட்டும் படிப்பவர், தச்சர் முதலில் எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு கோடு போடுகிறார் என்றே எண்ணிக்கொள்வார்.

நூலடித்தலுக்குப் புதுச்சொல் தேவையில்லை. பழைய எகிப்தில் செங்காவி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போட்டார்கள். அந்தச் சிவப்புக் கோடுகள் சில கல்லறைச் சுவர்களில் இன்றும் தெரிகின்றன. ஓமரின் காவியத்தில் ஒடிசியஸ் தெப்பம் கட்டும்போது மரங்களை நூல் பார்த்தே நேராக்குகிறான். சப்பானில் நாரா நகரத்துச் சோசோயின் கருவூலத்தில், நூலும் மையும் வைக்கும் தச்சரின் மைக்கூடு ஒன்று, டிராகன் தலை கொண்ட படகின் வடிவிலேயே செய்யப்பட்டு, பாதுகாக்கப்படுகிறது. மயமதம், மானசாரம் என்ற சிற்ப நூல்கள் கட்டடக் கலைஞரை வகைப்படுத்தும்போது ஸ்தபதிக்கு அடுத்த நிலையில் ‘சூத்திரகிராகி’ என்று நூல் பிடிப்பவரை வைக்கின்றன. நம் பக்கத்தில் நெடுநல்வாடை, அரண்மனைக்கு மனை வகுப்பதை ‘நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு’ என்று சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் நன்னூலோ, மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சு நூலையே மனக்கோணலைத் தீர்க்கும் நூலுக்கு உவமையாக்குகிறது. அகராதிகளில் ‘எற்றுநூல்’ என்ற அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். இந்தச் சான்றுகளில் நூல் செய்யும் வேலை ஒன்றே: இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேரைக் காட்டுவது. இடையிலுள்ள நீளம் எத்தனை முழம் என்பதை நூல் கேட்பதில்லை.

மார்க்கிங் கேஜ் எனப்படும் கருவியும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே. இழைத்துச் சீராக்கிய விளிம்பின்மேல் ஒரு கட்டையை அணைத்து நகர்த்த, அதில் பொருத்திய முள் அவ்விளிம்புக்கு இணையாகக் கீறிச் செல்கிறது. இதற்கு ‘விளிம்புக்கீறி’ என்று இழையில் வந்த பரிந்துரையை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஆனால் படகில் சீரான விளிம்பு என்று ஒன்று கிடையாது. நம் கரையின் சிக்கலும் சிறப்பும் அங்கேதான் தொடங்குகின்றன. வத்தை கட்டும்போது அடிமரமான ஏராவை முதலில் வைத்து, அதன்மேல் விலா எலும்பு போன்ற சட்டங்களான வங்குகளை நிறுத்தி, அதற்குப் பிறகே பலகை ஏற்றுகிறார்கள். வங்குக்கு நேரான மரத்தை வளைத்துச் செய்வதைவிட, நாட்டுக்கருவேலிலோ வேம்பிலோ இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடி, அச்சை (வடிவ மாதிரியை) அதன்மேல் வைத்துப் பார்த்து வெட்டுவதே வலிமை தரும். நார் வளைவின் வழியே ஓடுவதால் அது எளிதில் பிளக்காது. அணியத்தை (முன்முனை) நோக்கியும் அமரத்தை (பின்முனை) நோக்கியும் வங்குகளின் வாய் ஒடுங்கிக்கொண்டே போகிறது. இப்படி நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒருசேர வளையும் பரப்பின்மேல் நேரான பலகையை ஏற்றினால், நடுவில் ஒட்டி முனையில் விலகும், அல்லது முனையில் ஒட்டி நடுவில் விலகும். மேலேறும் பலகையின் விளிம்பு கீழேயுள்ள பலகையின் விளிம்பை இம்மியும் விடாமல் தழுவ வேண்டும். இடைவெளி கொஞ்சம் கூடினாலும் கலப்பற்றுக்கு, அதாவது இடுக்கை அடைப்பதற்கு, திணிக்கும் பஞ்சு நிற்காது, தண்ணீர் புகும். அந்த விளிம்பின் வடிவத்தை எண்ணாக மாற்றி எழுதிவைப்பது இயலாத காரியம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பட்டறையில் அதற்குத் தேவை எழுவதில்லை.

தச்சர் செய்வது இதுதான். மெல்லிய பலகை ஒன்றை வங்குகளின்மேல், கீழ்ப்பலகைக்கு அருகில், முறுக்காமல் பிடித்து நிறுத்துகிறார். கவராயத்தை ஓர் அகலத்துக்கு விரித்து இறுக்கி, ஒரு காலை ஏற்கெனவே பொருத்திய கீழ்ப்பலகையின் விளிம்பில் ஓடவிட்டு, மறுகாலால் மெல்லிய பலகையில் கீறிக்கொண்டே போகிறார். கவராயம் இல்லாத இடத்தில், இடைவெளியின் மிகப்பெரிய அகலத்தைவிடச் சற்றே பெரிய மரத்துண்டும் ஓர் ஆணியும் போதும். கைப்பக்குவம் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது: கவராயத்தின் இரு காலும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே திசையை நோக்கியிருக்க வேண்டும். கை சற்றே திரும்பினாலும், அகலம் மாறாமலேயே கோடு பிழையாகிவிடும். அந்தக் கோட்டைப் புதுப்பலகைக்கு மாற்றும்போதும் அதே அகலம், அதே திசை. எத்தனை அங்குலம் விரித்தார் என்பது அவருக்கே தெரியாமலிருக்கலாம், மாறாமலிருந்தால் போதும்.

இந்த அறிவு நம் கரைக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் பழைய மரச்சட்ட வீடுகளில் ஒவ்வொரு உத்தரமும் அது சேரவேண்டிய தூணின்மேலேயே கிடத்தப்பட்டு, ஒன்றின் வடிவம் மற்றதில் கீறப்பட்டது. அவ்வாறு பொருத்திய மூட்டு வேறெந்த மூட்டோடும் சேராது. ஆகவே இணைக்கு இணை உளியால் உரோம எண்களைப் போன்ற வெட்டுக்குறிகளை இட்டார்கள். பிரெஞ்சுத் தச்சர்களின் இந்த மரபை யுனெஸ்கோ 2009இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கத் தச்சர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரடுமுரடான ஒவ்வொரு மரத்துக்குள்ளும் சீரான சிறிய மரம் ஒன்று அடங்கியிருப்பதாகக் கருதி, அந்தக் கற்பனை மரத்துக்கு அளவெடுத்து மூட்டு வெட்டத் தொடங்கினார்கள். ஒரே வகைத் துண்டுகளை இடம் மாற்றிப் பொருத்தும் வசதி அப்போது வந்தது. அளவுக்குறி என்ற சொல் அந்தப் பிற்கால முறைக்கு நன்றாகவே பொருந்தும். அங்கே அதை வைத்துக்கொள்ளலாம்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். இழையில் வந்த ‘பற்றுக்கோடு’ என்ற பரிந்துரை காதுக்கு இனிமையானது. ஆயினும் ஆதரவு என்ற பொருளில் அது நம் உரைநடையில் ஆழமாக வேரூன்றிவிட்டது. ‘எழுத்தாணிமுறை’ என்பது ஆங்கிலச் சொல்லின் எழுத்தர் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு வந்தது. பட்டறையில் எழுத்து என்ற எண்ணமே கிடையாது. ‘படியெடுத்தல்’ என்றால் ஒன்றைப் போல மற்றொன்று செய்வதாகும், இங்கேயோ ஒன்றுக்கு ஈடாக அதன் மறுபக்கத்தைச் செய்கிறோம். மரவேலைப் பட்டறைகளில் இளையவரிடம் ‘ஒட்ட வச்சுக் கீறு’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். செயல் முழுவதும் அந்த மூன்று சொல்லில் வந்துவிடுகிறது. அதைச் சுருக்கி ‘ஒட்டுக்கீறல்’ என்று முன்மொழிகிறேன். வினை ‘ஒட்டிக்கீறு’, கிடைக்கும் கோடு ‘ஒட்டுவரி’.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஒட்டு என்றதும் தோட்டக்கலையின் ஒட்டுச்செடி நினைவுக்கு வரும் என்பது ஒன்று. அத்துறையில் கீறல் என்ற சொல் தனித்த கலைச்சொல்லாக நிலைபெறாததால் கூட்டுச்சொல்லில் குழப்பம் நேராது என்று கருதுகிறேன். கீறல் என்பதைத் தொல்லியலார் பானையோட்டுக் குறியீடுகளுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது இரண்டாவது. உண்மைதான், இதே கரையில் அழகன்குளத்து அகழாய்வில் கப்பல் உருவம் கீறிய ஓடு கிடைத்திருப்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். ஆனால் அங்கும் இங்கும் நடப்பது ஒரே செயல்: கூர்முனை பரப்பைக் கிழித்துக்கொண்டு போகிறது. கிழிப்பு என்ற அந்தக் கூறு தச்சுக்கு இன்றியமையாதது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேலில் காரீயம் எனப்பட்ட கிராஃபைட் கிடைத்து, பிறகு பென்சில் பரவும் வரை, நுண்ணிய மூட்டுக்கோடுகளைப் பெரும்பாலும் கூர்முனையால் இட்டார்கள். இன்றும் நல்ல மூட்டுக்குப் பென்சில் கோடு போதாது. கத்தி குறுக்கு நாரை முன்கூட்டியே அறுத்துவிடுவதால் உளியின் வாய் அந்தப் பள்ளத்தில் அமர்ந்துகொள்கிறது, விளிம்பு சிராய்வதில்லை. பென்சில் கோட்டுக்கோ தடிமன் உண்டு, அதன் எந்தப் பக்கம் வெட்டுவது என்ற ஐயமும் உண்டு. ஆகவே ‘வரைவு’, ‘கோடு’ என்பவற்றைவிடக் ‘கீறல்’ சரியானது.

பதிவுக்கான விளக்கத்தை இவ்வாறு அமைக்கலாம்: ‘ஒட்டுக்கீறல் – பொருத்தவேண்டிய மரத்தை, அது சேரவேண்டிய மரத்துக்கு ஒட்டியோ அருகிலோ நிறுத்தி, மாறாத இடைவெளியில் கவராயத்தாலோ கட்டையாலோ அந்தச் சேரும் மரத்தின் விளிம்பு வடிவத்தை அளவெடுக்காமல் கீறி எடுத்தல்.’ அச்சு வைத்துக் கீறுவதை இதில் சேர்க்க வேண்டாம்; அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், ஒட்டுவரி அந்த ஒரு பலகைக்கே உரியது. கீழக்கரை, தொண்டி, மூக்கையூர் பக்கத்துப் படகுத் தச்சர் குடும்பங்களோடு பழக்கமுள்ள உறுப்பினர்கள், இச்செயலுக்கு அங்கே வழங்கும் வினைச்சொல் வேறாக இருந்தால், பலகையைப் பிடித்திருக்கும் வேளையில் சொல்லும் முழுத்தொடராகவே கேட்டு எழுத வேண்டுகிறேன். அது இதைவிடப் பொருத்தமாக இருந்தால் என் முன்மொழிவை விலக்கிக்கொண்டு அதையே பதிவின் தலைச்சொல்லாக ஏற்கலாம்.