அம்மாவின் பாஸ்

வியாழன்

கண்ணன் 8:41: சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குக் கிளம்புகிறோம். வீல்சேர் என் வண்டியில். அம்மாவின் நீல அட்டை இருப்பதால் கேட்டில் 35 டாலர் கட்ட வேண்டாம், சரிதானே அக்கா?

தேவி 8:50: இல்லைடா, நானும் அப்படி நினைத்துப் போய் அசடு வழிந்தவள்தான். நீல அட்டை டிஎம்வி, அதாவது மாநில வாகனத் துறை கொடுத்தது, நடக்க முடியாதவர்கள் வண்டி நிறுத்தத்தான். கட்டணம் இல்லாமல் உள்ளே போக, நிரந்தரக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுக்கும் ஆக்சஸ் பாஸ் வேண்டும். நீல அட்டையைக் காட்டி அந்தப் பாஸை வாங்கவும் முடியாது. டாக்டர் கடிதம், அம்மாவின் கிரீன் கார்டு இரண்டையும் எடுத்துக்கொள்.

கண்ணன் 8:53: பிசியோவுக்காக வாங்கிய கடிதம் இருக்கிறதே?

தேவி 8:54: அதில் நிரந்தரக் குறைபாடு என்று எழுதியிருக்கிறதா பார்.

கண்ணன் 9:02: இல்லை. காலையில் கிளினிக்குக்குப் போன் போடுகிறேன்.

சித்தப்பா மதுரை 9:05: எனக்கும் முட்டி போய்விட்டது. நான் வந்தால் கொடுப்பார்களா?

தேவி 9:07: அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான் சித்தப்பா. 2026 முதல் யோசெமிட்டி உட்பட 11 பூங்காக்களில் வெளிநாட்டவரிடம் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாக வேறு வாங்குகிறார்கள்.

சித்தப்பா மதுரை 9:08: நூறா! எனக்கு அழகர்மலையே போதும்.

அம்மா 9:15: எனக்கு அந்தப் பாஸ் வேண்டாம். ஊனம் என்று எழுதி வாங்கிக்கொண்டு திரியணுமா? 62 வயதுக்கு மேல் என்று ஒரு பாஸ் உண்டாமே, அதை வாங்குங்கள்.

தேவி 9:17: அது ஆயுளுக்கு 80 டாலர் அம்மா. இது சும்மா. இதுவும் ஆயுளுக்கு, 2000க்கும் மேற்பட்ட இடங்களில் செல்லும். வண்டியில் கூட வருகிறவர்களுக்கும் சேர்த்து.

அம்மா 9:31: எங்கே கையெழுத்துப் போடணும்?

தேவி 9:40: கண்ணா, நீல அட்டையை மறந்துவிடாதே. பார்க்கிங்குக்கு மட்டுமில்லை, மிரர் லேக் சாலையில் மற்ற வண்டிகளை விடமாட்டார்கள், அது இருந்தால் போகலாம். ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு, மணிக்கு 15 மைல் வேகத்துக்கு மேல் போகாமல், சைக்கிள்காரர்களுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டும்.

சித்தப்பா மதுரை 9:42: சப்பரம் போகிற வேகம் என்று சொல்.

தேவி 9:44: அதேதான். மே மாதம் என்பதால் தண்ணீர் இருக்கும். கோடை முற்றினால் ஏரி போய் மணல்தான் மிஞ்சும். அப்புறம் மாரிபோசா குரோவ் என்கிற ராட்சத மரத் தோப்பில் எல்லாரையும் வாசலிலேயே இறக்கி ஷட்டிலில் ஏற்றுவார்கள். நீ அட்டையைக் காட்டிவிட்டு நேரே கிரிஸ்லி ஜயண்ட் என்கிற பழைய மரம் வரைக்கும் போ, அங்கே தனி பார்க்கிங் இருக்கிறது.

சனி

கண்ணன் 10:20: பாஸ் வாங்கியாச்சு. ரேஞ்சர் கடிதத்தைப் பார்த்தார், அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார், 5 நிமிடம்கூட ஆகவில்லை.

கண்ணன் 1:48: கிரிஸ்லி ஜயண்ட் பார்க்கிங்கில் ஒரே எரிச்சல். நீலக் கட்டத்துக்குப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்ட இடம் இருக்குமே, வீல்சேர் இறக்க, அதில் ஒருவன் காரைச் சொருகிவிட்டுப் போய்விட்டான். கதவு பாதிதான் திறந்தது. வண்டியை வெளியே எடுத்து, நடு வழியில் அம்மாவை இறக்கி, மறுபடி உள்ளே நிறுத்தினேன். பின்னால் 3 வண்டி காத்து நின்றது.

சித்தப்பா மதுரை 1:50: நம்ம ஊர்க்காரனோ?

கண்ணன் 1:51: நம்பர் பிளேட் நெவாடா, சித்தப்பா.

தேவி 1:53: கட்டம் காலி என்றால்தான் இடம் காலி என்று நினைப்பார்கள், கோடு இருக்கும் இடமும் காலி என்று இவன் நினைத்துவிட்டான். அம்மா எப்படி இருக்கிறார்கள்?

கண்ணன் 2:30: மரத்தடியில் உட்கார்ந்து 20 நிமிடமாக மேலேயே பார்க்கிறார்கள். 3000 வயது இருக்கும் என்றேன். வேலி போட்டிருக்கிறார்கள், தொட முடியவில்லை. அதில் கொஞ்சம் வருத்தம்.

அம்மா 7:05: ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கிறது, என்னை மாதிரியே.

ஞாயிறு

தேவி 6:12: அம்மா, அருண் அடுத்த வாரம் சினேகிதர்களோடு செக்வோயா தேசியப் பூங்காவுக்குப் போகிறான். உங்கள் பாஸைக் கேட்கிறான்.

அம்மா 6:20: அது நான் வண்டியில் இருந்தால்தான் செல்லும். ரேஞ்சர் சொன்னார். எத்தனை மணிக்குக் கிளம்புகிறான் என்று கேள், புளியோதரை கட்டணும்.